நாற்பத்தாறு, ஐம்பது

கடைப் பிக்கப்பில் ஆறு காந்தக் குமிழ்.
டெல்ரினின் கிற்றாரில் எட்டுக் கம்பி.
பொருத்திப் பார்த்தோம்.
ஏழாவது, அடுத்த அறையில் யாரோ கதைப்பதுபோல.
எட்டாவது
விரலில் அதிர்ந்தது, ஸ்பீக்கருக்கு வரவேயில்லை.

"கொழும்பிலயும் இல்லையாம்.
வெளியிலிருந்து எடுப்பிச்சா மூணு மாதச் சம்பளம்" என்றாள்,
வங்கிக் கவுண்டரில் நாள்முழுக்க
ஊரார் காசை எண்ணுகிறவள்.
"நீங்க மோட்டர் சுத்துற ஆள்தானே.
இதுவும் ஒரு சுத்துத்தானே."

சுத்துத்தான். ஆனால்
களுவாஞ்சிகுடிக் கடையில் நான் சுற்றுவது
வெல்லாவெளி வயலுக்குத் தண்ணி இறைக்கிற கம்பி.
பல்லால் கடித்து இழுக்கலாம்.
இது தலைமயிரிலும் மெல்லிசு.
மூச்சு விட்டால் இது அறும்
விடாவிட்டால் நான்.

இரும்புக்குக் கல்முனை போனேன்.
கேற் அடித்து மிஞ்சின பட்டத்தில்
சிஹான் நீளமாய் ரெண்டு துண்டு வெட்டினான்.
"குமிழ் வேணாமா?"
வேண்டாம். குமிழ் வைத்தால்
இது உனக்கு, இது உனக்கு என்று இடம் பிரிக்க வேணும்.
விளிம்பில் நிற்கிறவனுக்கு எப்போதும் குறையும்.
முழு அகலத்துக்கும் ஒரே தகடு போதும்,
கம்பி எங்கே விலகினாலும் கேட்கும்.
காசு வாங்கவில்லை அவன்.
"சத்தம் வந்தா எனக்கும் கேக்கப் போடுங்க."

லீலாவின் தையல் மெசின்தான் கிறுகியது.
சில்லில் ஒட்டிய சின்னக் காந்தம்,
பக்கத்தில் ஒரு சுவிட்ச், அதிலிருந்து வயர்
மகளின் கல்குலேட்டரில் சமன் பொத்தானுக்கு.
ஒன்றோடு ஒன்று. சமன். சமன். சமன்.
ஐயாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டில் கறண்ட் போனது.
மிதியிலிருந்து காலை எடுக்க மறந்தேன்.
வந்ததும் மெசின் ஒரே உதறாய் உதறி
அறுத்துப்போட்டது.
இருபது வருசமாய் மோட்டர் திருத்துகிறவன் நான்.
"பள்ளிச் சட்டை பதினொண்டு கிடக்கு" என்றாள் லீலா,
அறுந்த முனையை ஊசி நூலைப் பிடிப்பதுபோல் பிடித்துத் தந்தபடி.
மறுகா ஒன்றிலிருந்து.

கோயிலில் எரிந்து மிஞ்சின மெழுகுதிரிகளை
டெல்ரின் ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள்.
உருக்கித் தோய்த்தோம் ரெண்டு சுருளையும்.
தோய்க்காத சுருள் தன்பாட்டுக்குக் கத்தும்.

வியாழன் பின்னேரம், டச்பாரில் அவள் வீடு.
செருகியதும் ஒரே முனகல்.
பழைய பிரிஜ்ஜுக்குள் தலையை விட்டதுபோல.
கம்பியைத் தட்டினாள், ஈர்க்கில் மாதிரி ஒரு ஒலி.

கறண்ட் செக்கனுக்கு ஐம்பது தரம் துடிக்குது.
அவளுடைய எட்டாம் கம்பி நாற்பத்தாறு.
பக்கத்துப் பக்கத்து வீடு.
எது சுவரிலிருந்து வருவது, எது அவள் கையிலிருந்து,
காதால் பிரிக்க முடியாது.

சுருளுக்கு முடியும்.
வெளியிலிருந்து வருவது ரெண்டிலும் ஒரேமாதிரி விழும்.
கம்பி அசைந்தது மட்டும்
வடக்கில் ஒருமாதிரி, தெற்கில் மறுமாதிரி.
நான் முனைகளை மாற்றி ஒட்டியிருந்தேன்.
வைத்திருக்க வேண்டியதைத் தின்னவும்
தின்ன வேண்டியதை வைத்திருக்கவும் சொல்லிவிட்டேன்.

ஈயம் உருகியது. சிவப்பு அங்கே, பச்சை இங்கே.

"அம்ப் ஓன்லதானா?" என்றாள்.
சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
கடல் பக்கத்து ஜன்னலில்
யாரோ சைக்கிள் உருட்டிப் போவது கேட்டது.

பிறகு எட்டாவதைத் தொட்டாள்.

அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டின.
என் சாரத்தின் ஓரம் நடுங்கியது, அல்லது முழங்கால்.
அவள் நிறுத்தவில்லை, அழுத்தி, இழுத்து,
ஏழுக்கு ஏறி, திரும்பி எட்டுக்கு.
மதிலுக்கு அப்பால் நேசம்மாக்கா:
"டெல்ரின், தண்ணி மோட்டர் போட்டதாகா?"

"ஓம் அக்கா" என்றாள் டெல்ரின்.

கடைசி பஸ்ஸில் வீடு வந்தேன்.
மேசையில் கல்குலேட்டர்
அழிக்காமல் ஏழாயிரத்து இருநூற்று நாலு.
காலையில் வெல்லாவெளிக்காரருக்கு
மோட்டர் கொடுக்க வேணும்.
அது முனகினால்தான் வேலை செய்யுது என்று அர்த்தம்.